பொன்னாடையும் மினிட்ஸ் நோட்டும்

எங்கள் கல்லூரி மேடையில் அறிமுக உரை குறைந்தது பத்து நிமிடம் ஓடும். மாணவியர் பேரவைத் தொடக்க விழாவுக்கு வருகிற சிறப்பு விருந்தினர் முந்தின வாரமே பயோடேட்டாவை அனுப்பிவிடுவார். மூன்று பக்கம், சில சமயம் ஐந்து. ஆங்கில இலக்கியம் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்த குரலில் அதை வாசிப்பாள். பேரவைப் பொறுப்பாசிரியரான நான் மேடையின் ஓரத்தில் தட்டுகளுக்குக் காவலாக நிற்பேன். ஒரு தட்டில் பொன்னாடை, ஒன்றில் நினைவுப் பரிசு, மற்றொன்றில் தலைவிக்கும் செயலாளருக்கும் குத்திவிட வேண்டிய பேட்ஜுகள். அந்த நேரத்தில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வாசிப்பில் ‘முதல் பெண்’ எத்தனை முறை வருகிறது என்று விரல் மடக்கி எண்ணுவேன். ஒரு வருஷம் இரண்டு கையும் போதாமல் போயிற்று.

பதினோரு வருஷம் இப்படி நின்றிருக்கிறேன். கலெக்டர், நீதிபதி, மருத்துவர், பளுதூக்கும் வீராங்கனை என்று பலர் வந்தார்கள். வந்தவர்களில் ஒருவரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விழா முடிந்து, பந்தல்காரர் நாற்காலியை அடுக்கும்போது, புதிதாகப் பேட்ஜ் குத்திய பெண்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். இனி என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி அந்தப் பார்வையில் இருக்கும். இரண்டு மணி நேரம் மைக்கில் பேசியதில் அதற்கு மட்டும் பதில் இருந்திருக்காது.

மார்ச் 8க்கு எங்கள் வழக்கம் ஃபிளெக்ஸ். ‘சாதனைப் பெண்மணிகள்’ என்று மேலே எழுத்து, கீழே வட்ட வட்டமாகப் படங்கள். முத்துலட்சுமி ரெட்டி, சகோதரி சுப்பலட்சுமி, மூவலூர் இராமாமிர்தம், ஜானகி அம்மாள், மருத்துவர் சாந்தா. ஒரு வருஷம் அதைக் கட்ட ஏணியில் ஏறி நின்ற பெண், கயிற்றைப் பல்லில் கடித்தபடி கேட்டாள்: “மேம், இவங்க எல்லாரும் பாட்டியாவே பொறந்தாங்களா?”

கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தக் கேள்வி என்னைப் பிடித்தது. வெள்ளை முடி, கண்ணாடி, தோளைப் போர்த்திய புடவை. நாம் மாட்டிவைக்கிற படங்களில் பெரும்பாலானவை அவர்களின் அறுபதுக்குப் பிறகு எடுத்தவை. பேருக்குப் பின்னால் ‘அம்மையார்’ என்று ஒட்டிவிட்டோமானால் மிச்சமிருக்கும் இளமையும் போய்விடுகிறது. மரியாதைச் சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் இருபது வயதுப் பெண்ணிடம் அறுபது வயது முகத்தைக் காட்டி ‘இவர்போல் ஆக வேண்டும்’ என்றால், நாற்பது வருஷம் பொறுத்திரு என்றல்லவா அவள் எடுத்துக்கொள்வாள்?

முத்துலட்சுமி புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர்ந்தது 1904இல். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. அப்பா நாராயணசாமி ஐயர் அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பையன்கள் படிக்கிற இடத்தில் பெண்ணா என்பது ஒரு எதிர்ப்பு. இந்த வீட்டுப் பெண்ணா என்பது அதைவிடக் கூர்மையான எதிர்ப்பு. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடம் கொடுக்கச் சொன்னார். இடம் கிடைத்தது, கூடவே ஒரு திரையும் கிடைத்தது. மற்ற மாணவர் கண்ணில் படாமல் அதன் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டாராம். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போகும்போது வயது இருபத்தொன்று, எங்கள் பேரவைத் தலைவியின் வயது. அந்த வயதில் அவரை யாரும் ‘முதல் பெண்’ என்று மேடையேற்றிக் கொண்டாடவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து கரும்பலகை சரியாகத் தெரிகிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்த்திருப்பார், அவ்வளவுதான்.

இன்னொருவர் லலிதா. அய்யலசோமயாஜுல லலிதா என்ற முழுப் பேரை எங்கள் பிள்ளைகள் ஒருமுறைகூடச் சரியாகச் சொன்னதில்லை. 1919இல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம். கணவர் இறந்தபோது கையில் நாலு மாதப் பெண் குழந்தை. மருத்துவம் படிக்கலாமா என்ற யோசனை வந்து, வேளைகெட்ட வேளையில் கூப்பிடும் வேலை குழந்தையோடு ஒத்துவராது என்று விட்டுவிட்டார். அப்பா சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அவர் முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார், மேலிடத்தில் அனுமதி வாங்கினார். 1940இல் அத்தனை ஆண்களுக்கு நடுவே லலிதா ஒருவராகச் சேர்ந்தார். குழந்தை உறவினர் வீட்டில், அவர் விடுதியில். பட்டச் சான்றிதழ் அச்சடித்தவர்களுக்குப் பெண் ஒருத்தி தேறுவாள் என்ற நினைப்பே இல்லை. ஆங்கிலத்தில் ‘ஹி’ என்றிருந்ததைப் பேனாவால் அடித்து ‘ஷி’ என்று திருத்தித்தான் கொடுத்தார்கள். பின்னாளில் பக்ரா நங்கல் அணைக்கான மின்கடத்திப் பாதை வேலைகளில் அவர் கை இருந்தது. 1964இல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்கும் போனார்.

இதில் என்னை நிறுத்தியது அணையும் இல்லை, நியூயார்க்கும் இல்லை. விடுதியில் தனியாகக் கிடந்த அவருக்குத் துணை வேண்டும் என்று பார்த்து, பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று கல்லூரியே அறிவித்ததாகச் சொல்கிறார்கள். அடுத்த வருஷம் லீலம்மா ஜார்ஜ், பி.கே. த்ரேசியா என்று இரண்டு பேர் வந்தார்கள். அந்த த்ரேசியாதான் 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனவர். நம் மேடைக் கணக்கில் லலிதா ‘முதல் பெண்’. என் கணக்கில் அடுத்த வருஷம் மூன்று பேர் ஆனதுதான் பெரிது. தனியாக நிற்பதை ஒரு பெருமையாகச் சொல்லிச் சொல்லிப் பேரவைப் பெண்களைக் கெடுத்து வைத்திருக்கிறோம். அவர்களும் தனியாகப் போஸ்டர் எழுதி, தனியாக முதல்வர் அறை வாசலில் நின்று, தனியாகத் திட்டு வாங்கி, இரண்டாம் பருவத்தில் சோர்ந்துபோகிறார்கள்.

முன்மாதிரி என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாள்தான் ஞாபகம் வரும். தப்பில்லை. மாதிரி வினாத்தாளில் வந்த கேள்வி பரீட்சையில் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறோம். எந்தப் பகுதிக்கு எத்தனை நிமிடம், எதை விட்டுவிடலாம், எங்கே மாட்டிக்கொள்வோம் என்பது எழுதும்போதுதான் தெரியும். பெரிய மனுஷிகளின் வாழ்க்கையும் அப்படித்தான் பயன்பட முடியும். ஆனால் நாம் கொடுப்பது விடைக் குறியீடு மட்டும். ‘சென்னை சட்டமன்ற மேலவையின் முதல் பெண் உறுப்பினர் யார்?’ அ, ஆ, இ, ஈ. குரூப் தேர்வுக்குப் படிக்கிற பெண்ணுக்கு முத்துலட்சுமி ரெட்டி ஒரு மார்க்.

அந்த ஒரு மார்க்கைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருபது வருஷம் இருக்கிறது. 1926இல் அவரை மேலவைக்கு நியமித்தார்கள், பிறகு அவையின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். கோயிலுக்குப் பெண்ணைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி 1927இல் தீர்மானம் கொண்டுவந்தார். 1929இல் வந்த சட்டம், கோயிலில் சேவை செய்வதற்கென்று தாசிகள் அனுபவித்த மானிய நிலத்தை அந்தக் கட்டாயத்திலிருந்து விடுவித்ததோடு நின்றது. பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் மசோதா 1930இல் தயாரானது. அதே வருஷம் காந்தி கைதானார், அதைக் கண்டித்து இவர் பதவியை விட்டார். மசோதா கிடப்பில் போயிற்று. சட்டமாக வந்தது 1947இல். நடுவில் என்ன செய்தார் என்றால், காத்திருந்தார் என்று சொல்ல முடியாது. தேவதாசி வீடுகளிலிருந்து தப்பி வந்த பெண் பிள்ளைகள் ராத்திரி அவர் வாசலில் நின்றார்கள். விடுதிகள் சேர்க்க மறுத்தன. தம் வீட்டிலேயே படுக்க வைத்தார். ஔவை இல்லம் அப்படி ஆரம்பித்ததுதான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கம் வெகுநாள் மனதில் கிடந்து, 1954இல் அடையாறு மருத்துவமனை ஆயிற்று. அப்போது அங்கே மொத்தம் பன்னிரண்டு படுக்கை. மறு வருஷம் வி. சாந்தா என்ற இளம் மருத்துவர், எழும்பூர் அரசு மருத்துவமனையில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு அந்தப் பன்னிரண்டு படுக்கைக்கு வந்து சேர்ந்தார். 2021இல் இறக்கும்வரை அவருக்கு வேறு வீடு, வேறு ஊர் இல்லை.

மேலவை அனுபவத்தை முத்துலட்சுமி 1930இலேயே ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதிவிட்டார். பேரவைத் தலைவியாகிற பெண்ணுக்கு நினைவுப் பரிசாக அந்தப் புத்தகத்தைக் கொடுக்கலாம். நாங்கள் கொடுப்பது கண்ணாடிப் பெட்டிக்குள் தங்கமுலாம் பூசிய மயில்.

இனி நான் சொல்லப்போவதால் சக ஆசிரியர்கள் என்மேல் வருத்தப்பட்டது உண்டு. ஒரு வருஷம் பேரவைப் பெண்களிடம் முத்துலட்சுமியைப் பற்றிப் பேசிவிட்டு, அடுத்த வாரம் பெங்களூர் நாகரத்தினம்மாளைப் பற்றிப் பேசினேன். அவரும் தேவதாசி மரபில் வந்தவர். திருவையாற்றில் தியாகராஜர் சமாதி கேட்பாரற்றுக் கிடந்தபோது, பாடிச் சேர்த்த பணத்தைக் கொட்டிக் கோயில் எழுப்பினார். அவர் கட்டிய சந்நிதியிலேயே ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றார்கள். நாகரத்தினம்மாள் சண்டைபோட்டுக் கொண்டிருக்கவில்லை. பெண்களைத் திரட்டித் தனியாக ஒரு கச்சி கட்டி, தனியாக ஆராதனை நடத்தினார். ஆராதனையைத் தனித்தனியே நடத்திவந்த கச்சிகள் எல்லாம் பிற்பாடு ஒன்றானபோது பெண்களை வெளியே நிறுத்த யாராலும் முடியவில்லை. இன்றைக்கும் சந்நிதிக்கு எதிரே கைகூப்பி உட்கார்ந்திருக்கிற சிலை அவருடையதுதான். இதற்கெல்லாம் முன்னால், தஞ்சை அரசவைக் கவி முத்துப்பழனி தெலுங்கில் எழுதிய ‘ராதிகா சாந்த்வனம்’ காவியத்தை முழுசாக 1910இல் பதிப்பித்து, ஆபாசம் என்று அரசு தடை போட்டதையும் பார்த்தவர் அவர்.

இந்த நாகரத்தினம்மாள் முத்துலட்சுமியின் மசோதாவை எதிர்த்தார். எங்களையும் விபசாரத்தையும் ஒன்றாகக் கட்டாதீர்கள், எங்கள் கலை, எங்கள் சொத்து, எங்கள் பெண் வாரிசு உரிமை எல்லாம் இதில் போகிறது என்று அந்தச் சமூகத்துப் பெண்கள் மனுப் போட்டார்கள். இன்னொரு பக்கம் அதே சமூகத்தின் இராமாமிர்தம், பொட்டுக்கட்டை ஒழித்தே ஆக வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். 1936இல் ஒரு நாவலே எழுதினார். மூன்று பெண்கள். மூன்று பேருக்கும் அந்த வாழ்க்கை உள்ளிருந்து தெரியும். மூன்று பேரும் ஒருவர் சொன்னதை ஒருவர் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை.

“யாரு மேம் கரெக்ட்?” என்றார்கள் பிள்ளைகள். பெண்களைச் சந்தைப் பொருளாக்கிய ஒரு வழக்கம் சட்டத்தால் போனது நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கலையை வளர்த்தவர்கள் வீட்டிலிருந்து அது கிளம்பி வேறு வீடுகளுக்குப் போனபோது, வளர்த்தவர்கள் கையில் என்ன மிஞ்சியது என்று நாகரத்தினம்மாளின் பக்கத்திலிருந்து கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. இதையே அவர்களிடமும் சொன்னேன். பிள்ளைகளைக் குழப்புகிறேன், மார்ச் 8 அன்று இதெல்லாம் எதற்கு என்று ஆசிரியர் அறையில் பேச்சு வந்தது. ஆனால் அதற்கு அடுத்த பேரவைக் கூட்டத்தில், கல்லூரி நாள் செலவைக் குறைப்பது பற்றி இரண்டு பெண்கள் வெகுநேரம் மோதினார்கள். முடிவில் ஒருத்தி, “நான் ஒத்துக்கலை, ஆனா நீ சொல்றதையும் எழுதிக்கறேன்” என்றாள். அவள் அதை எங்கே கற்றாள் என்று எனக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொள்ள ஆசை.

எங்கள் மாணவியரில் பாதிக்கு மேல் அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்கள். மாதம் ஆயிரம் ரூபாய் வங்கியில் ஏறுகிறது. ‘புதுமைப்பெண் காசு’ என்பார்கள். “காசு ஏறிடுச்சா?” என்று மாத நடுவில் வராந்தா முழுக்கக் கேட்கும். திட்டத்தின் முழுப் பேரில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இருக்கிறார். 1989இல் அவர் பேரில் வந்தது ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டம். 2022இல் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. கல்யாணச் செலவிலிருந்து காலேஜ் செலவுக்கு வந்து சேர அரசாங்கத்துக்கு முப்பத்துமூன்று வருஷம் ஆயிற்று. இராமாமிர்தம் கல்லூரி வாசலை மிதிக்காதவர். 1938 ஆகஸ்டில் திருச்சியிலிருந்து சென்னைக்கு இந்தி எதிர்ப்புப் படை கால்நடையாகக் கிளம்பியபோது, ஐம்பத்தைந்து வயதில் அவரும் கூடவே நடந்தார். பட்டம் பெற்றவரைத்தான் பேரவை மேடையில் ஏற்ற வேண்டும் என்ற எழுதாத விதி எங்களிடம் இருக்கிறது. அவர் இன்று இருந்தால் அந்த விதிப்படி எங்கள் மேடைக்கு அவரைக் கூப்பிட்டிருக்க மாட்டோம்.

விருந்தினரைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பக்கம் பல கல்லூரிகளில் பேரவைக்குத் தேர்தலே கிடையாது. மார்க், வருகைப் பதிவு, நடத்தை பார்த்து ஆசிரியர்களே பெயர் சொல்லிவிடுவோம். எங்களிடமும் அப்படித்தான். தாங்களே தேர்ந்தெடுக்காத தலைவியை, தாங்கள் தேர்ந்தெடுக்காத விருந்தினர் வாழ்த்துவதை, பிள்ளைகள் உட்கார்ந்து கைதட்டிப் பார்க்கிறார்கள். கேரளத்தில் 2020 டிசம்பரில் ஆர்யா ராஜேந்திரன் திருவனந்தபுரம் மேயரானபோது பி.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டிருந்தார், வயது இருபத்தொன்று. மாணவர் சங்க அரசியலில் வாக்குக் கேட்டுப் பழகி வந்தவர். செய்தி வந்த அன்று எங்கள் வகுப்பில் ஒருத்தி, “அவங்க காலேஜ்ல எலெக்‌ஷன் இருக்கு மேம்” என்று மட்டும் சொன்னாள்.

கடைசியாக நான் பொறுப்பிலிருந்த வருஷம், விருந்தினர் யார் என்று பிள்ளைகளையே கேட்டுப் பார்த்தேன். செயலாளர், பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறவள், வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “தோத்தவங்களைக் கூப்பிடலாமா மேம்?” என்றாள். என்னம்மா சொல்கிறாய் என்றேன். அவள் அத்தை முறையாகும் ஒருவர் ஊராட்சித் தலைவருக்கு நின்று தோற்றவராம். மறுநாள் காலையில் வழக்கம்போல் ரேஷன் கடை வரிசையில் போய் நின்றாராம். அவருக்கு ஓட்டுப் போடாதவர்களும் அங்கே நின்றார்கள். “அவங்க எப்படி அங்க போய் நின்னாங்கன்னு கேக்கணும்.”

நான் குழுக் கூட்டத்தில் இதைச் சொல்லத் துணியவில்லை. அந்த வருஷமும் ஓர் உயர் அதிகாரி வந்தார், நன்றாகப் பேசினார், வெயிலுக்கு முன் கிளம்பினார்.

விழாவுக்கு அடுத்த வியாழன், கடைசி ஹவர், பேரவையின் முதல் கூட்டம். பீரோவில் புது மினிட்ஸ் நோட்டுத் தேடப் போன செயலாளர் பழைய நோட்டுகளை வாரிக்கொண்டு வந்தாள். காலிகோ அட்டை, கரையான் தின்ற முனை. பெஞ்சில் பரப்பிவைத்து ஆளுக்கொன்றாகப் புரட்டினார்கள். ‘கோரம் இல்லாததால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.’ ‘குடிநீர்ப் பானை வாங்குவது பற்றிப் பேசப்பட்டது.’ ‘நாடக விழாவில் மீதமான ரூ. 43 அடுத்த ஆண்டுக் கணக்கில் வைக்கப்பட்டது.’ ஒவ்வொரு வருஷமும் ஒரு கையெழுத்து. சிலது அச்சுப்போல, சிலது ஓடும் பேருந்தில் எழுதியதுபோல. அத்தனை பெயரும் எந்த ஃபிளெக்ஸிலும் வராதவை.

செயலாளர் 1994 நோட்டில் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள். அவள் ஊர்ப் பக்கம் போகும் டவுன் பஸ் பற்றிய பதிவு. கல்லூரி விடுவது நாலேகாலுக்கு, பஸ் நாலு ஐந்துக்கே போய்விடுகிறது, நேரத்தை மாற்றக் கேட்டு டிப்போவுக்கு எழுதுவது. அடுத்த மாதப் பதிவு: பதில் இல்லை, மறுபடி எழுதுவது. அதற்கடுத்த மாதம்: பதில் இல்லை, நேரில் போவது. அப்புறம் தேர்வு வந்திருக்கும், பக்கம் காலி.

இன்றும் அந்தப் பஸ் நாலு ஐந்துக்குத்தான். 2021க்குப் பிறகு சாதா டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை என்பதால் அதை விட்டால் வலிக்கிறது. அடுத்து வருவது காசு கொடுத்து ஏற வேண்டிய பஸ், அதுவும் ஐந்தரைக்கு. தினமும் கடைசி வகுப்பில் பாதி பேர் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

அவள் புது நோட்டைப் பிரித்தாள். தேதி, வந்தவர்கள் பட்டியல், பொருள் ஒன்று: பஸ் நேரம். எழுதிக்கொண்டே, “1994 செகரட்டரிக்கு இப்ப என்ன வயசிருக்கும் மேம்?” என்றாள். ஐம்பது இருக்கும் என்றேன். “அவங்க நேர்ல போனாங்களா இல்லையான்னு தெரியலையே. போயிருந்தா யாரைப் பாத்தாங்கன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்.” பழைய நோட்டிலிருந்து அந்தப் பெயரையும் துறையையும் ஒரு துண்டுத்தாளில் குறித்துப் பென்சில் பாக்ஸில் போட்டுக்கொண்டாள். பிறகு மணியைப் பார்த்தாள். நாலாக மூன்று நிமிடம்.

“கையெழுத்து நாளைக்குப் போடறேன் மேம்” என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினாள்.